கேமரன் மலையில் ஓர் இதயம் செய்தேன்

1

போன வாரம் என் கடவுச்சீட்டில் பத்தாவது முத்திரை விழுந்தது. வருஷத்துக்கு ஒன்று. கணவருடன் தங்கலாம், சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது என்று சொல்லும் அதே மலாய் வரிகள், அதே ஊதா மை. 1976-ல் மதுரையில் கல்யாணம் முடிந்து மலேசியாவின் இந்தக் கேமரன் மலைக்கு வந்தேன். இப்போது 1986. பத்து வருஷம் ஆன கையோடு ஊருக்கு ஏதாவது எழுதுவோம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இது தற்பெருமைக் கட்டுரை. பிடிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம். வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவர்கள் ஏக்கத்தைத்தான் எழுத வேண்டும் என்று யாரோ சட்டம் போட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. மல்லிகை கிடைக்கவில்லை, இட்லி மாவு புளிக்கவில்லை என்று பக்கம் பக்கமாக வருகிறது. இங்கே மாவு புளிக்காது என்பது உண்மைதான், குளிர் அப்படி. ஆனால் இந்த வருஷம் நான் ஜெயித்திருக்கிறேன். ஜெயித்ததை விட்டுவிட்டு இட்லி மாவைப் பற்றி எழுத எனக்கு வராது.

என்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும். என் கணவர் சந்திரன் இந்தத் தேயிலை எஸ்டேட்டின் ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர். டாக்டர் மாதம் இரண்டு முறைதான் மலையேறி வருவார். மற்ற நாட்களில் டாக்டர் செய்வதில் முக்கால்வாசியைச் செய்கிறவர் டிரெஸ்ஸர். அதனால் எஸ்டேட்டில் எனக்கு வசந்தா என்ற பெயர் இல்லை. ‘டிரெஸ்ஸரம்மா’தான். இயற்பியலில் முதுகலை, முதல் வகுப்பு. அந்தச் சான்றிதழை வந்த அன்றைக்கே அரிசிப் பானைக்கு மேலே இருந்த பரணில் வைத்தேன். ஐந்து வருஷம் யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் முத்திரை விட்டிருக்காது.

2

1981-ல் ஒரு காலை. கணவருக்குத் தேநீர் கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். மர பெஞ்சில் அஞ்சலையக்கா உட்கார்ந்திருந்தார். தொழிற்சாலையில் தேயிலை சலிக்கும் அறையில் அவருக்கு வேலை. காய்ந்த தூளைத் தரம் பிரிக்கிற பெரிய சல்லடை மெஷின் அங்கே நாள் முழுக்க ஓடும். அது ஓடும்போது தரை அதிரும், சுவர் அதிரும், நின்று வேலை செய்கிறவர்களின் பல்கூட அதிரும்.

“ஐயா, நெஞ்சு படபடன்னு அடிக்குது. மெஷினு நின்னாலும் இது நிக்க மாட்டேங்குது,” என்றார் அக்கா.

கணவர் குழாயை வைத்துக் கேட்டார். கண்ணிமையை இழுத்துப் பார்த்தார்.

“ஒடம்புல ரத்தம் கம்மியா இருக்கு அஞ்சலை. மாத்திரை தர்றேன், விடாம சாப்பிடு. கொஞ்ச நாளைக்கு மெஷின் பக்கம் போவாத. கொழுந்து எடுக்கப் போ, நான் துரைகிட்ட சொல்லிக்கறேன்.”

“அது சரிங்கய்யா. மெஷினு ஆட்டுனா நெஞ்சும் சேந்து ஆடுமா? அதச் சொல்லுங்க.”

என் கணவரிடம் எனக்குப் பிடித்த குணம் ஒன்று உண்டு. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லமாட்டார். “அது எனக்குத் தெரியாது அஞ்சலை, கேட்டுச் சொல்றேன்,” என்றார்.

மாத்திரையில் அக்காவின் படபடப்பு அடங்கிவிட்டது. கொழுந்து எடுக்கப் போனவர் திரும்ப மெஷினுக்கு வரவும் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி என் மண்டைக்குள் புகுந்துகொண்டு படுத்தியது. அதிர்வு எனக்குத் தெரிந்த விஷயம், இரண்டு வருஷம் படித்தது. அதைக் கொண்டுபோய் இதயத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று எந்தப் பாடத்திலும் இல்லை. கணவர் தமக்குப் பயிற்சிக் காலத்தில் பாடம் எடுத்த கோலாலம்பூர் பேராசிரியர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். தபாலில் போடும் முன் நான் அதோடு இன்னொரு தாளைச் சேர்த்தேன். அதில் முழுக்க என் சமன்பாடுகள்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. பேராசிரியர் லிம் எழுதியிருந்தார். அதே கேள்வியைத்தான் அவர்களும் கேட்கத் தொடங்கியிருக்கிறார்களாம். இதயத் தசையைக் கீற்றாக வெட்டி, உயிரோடு வைத்து, அதிரவிட்டுப் பார்க்கிறார்களாம். கடைசி வரி இதுதான்: “இரண்டாம் தாளை எழுதியவர் யார்? எங்களுக்குக் கணக்குப் போட ஆள் தேவை.”

அந்தக் கடிதத்தை அன்று எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். பரணிலிருந்து சான்றிதழை இறக்கித் துடைத்தேன்.

3

வீட்டிலிருந்தே படிக்கும் ஆராய்ச்சி மாணவியாகப் பதிவு செய்துகொண்டேன். அதற்குச் சம்பளம் கிடையாது, ஆகவே முத்திரைக்கும் கோபமில்லை என்று நினைத்தோம். அது பெரிய நினைப்பு. வருகிறேன் அதற்கு.

1983-ல் ஆய்வகத்தில் பழசாகிப்போன ஒரு சிறிய கணினியை எனக்குக் கொடுத்தார்கள். பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு கோலாலம்பூர் போகும் லோரி, காலியாகத் திரும்பும்போது அதைக் கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்தது. தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைக்க வேண்டும். எழுதியதைச் சேமிக்க டேப் ரெக்கார்டர். ஒரு மாதம் வரை அதைத் திறந்தாலே கோஸ் வாசனை.

மதுரையில் படித்தபோது ஒரே ஒருமுறை எங்களைக் கணினி பார்க்க அழைத்துப்போனார்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டுப் போக வேண்டும். உள்ளே குளிரூட்டிய அறையில், கண்ணாடிக்குப் பின்னால் அது வீற்றிருந்தது. நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு வரிசையாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். திருநீறு கொடுக்காததுதான் குறை. பிறகு ஓட்டை போட்ட அட்டைகளில் எங்கள் கணக்கை அனுப்பினோம். ஒரு வாரம் கழித்து, ஒரு காற்புள்ளி விட்டுப்போயிற்று என்று திரும்பி வந்தது. அந்தக் காற்புள்ளிக்காக நான் அழுதிருக்கிறேன். இப்போது அதே ஜாதிச் சாமி என் சமையலறை மேசையில், ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. செருப்போடுதான் வேலை செய்தேன். குளிர்!

இதயத்தைக் கணக்காக எழுதுவது எப்படி என்று கேட்பீர்கள். கேட்காவிட்டாலும் சொல்வேன். தசைக்குள் இரண்டு வகை இழைகள் உண்டு. ஒன்றில் கோடிக்கணக்கான நுண்ணிய கொக்கிகள். அவை அடுத்த இழையைப் பிடிக்கும், இழுக்கும், விடும், மறுபடி பிடிக்கும். எல்லாம் சேர்ந்து இழுத்தால் இதயம் சுருங்கி ரத்தத்தை வெளியே தள்ளும். எல்லாம் விட்டால் தளர்ந்து, புது ரத்தத்தை நிரப்பிக்கொள்ளும். இந்தக் கணத்தில் எத்தனை கொக்கி பிடித்திருக்கிறது, அடுத்த கணத்தில் எத்தனை விடும் என்று துளித்துளியாகக் கணக்கிட வேண்டும். உங்கள் நெஞ்சு ஒரு விநாடிக்குள் முடித்துவிடுகிற ஒரு துடிப்பை என் பெட்டி காலைப் பசியாறலில் தொடங்கி மாலைத் தேநீருக்கு முடிக்கும்.

முடிக்கும் என்றா சொன்னேன்? தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டும் பெரிய காற்றாடிகளைப் போடும்போது எஸ்டேட் முழுக்க விளக்கு ஒரு கணம் மங்கும். அந்த ஒரு கணத்தில் என் கணினி எல்லாவற்றையும் மறந்துவிடும். மத்தியானம் மூன்று மணிக்கு முக்கால் துடிப்போடு இதயம் நின்றுபோகும். எத்தனை இதயங்கள் அப்படிப் போயின! கடைசியில் கணவர் எஸ்டேட் மேலாளரான துரையிடம் போய், ஆஸ்பத்திரிக்கு வரும் மின்கம்பியிலிருந்து எங்கள் வீட்டுக்குத் தனியாக ஒரு இணைப்பு வேண்டும் என்று கேட்டார். எதற்கு என்று கேட்டாராம் துரை. “இதயத்துக்கு,” என்றாராம் இவர். துரை பதறிப்போய் அன்றைக்கே ஆளனுப்பினார். பொய் ஒன்றும் இல்லையே.

எழுதுவதற்குத் தாளும் ஆய்வகத்திலிருந்தே வந்தது. சோதனையின்போது இதயத்தின் அழுத்தத்தைப் பேனா முனை ஒன்று நீளத் தாளில் மலை மலையாக வரைந்துகொண்டே போகும். கெட்டுப்போன சோதனைகளின் சுருள்களைப் பேராசிரியர் எனக்கு மூட்டையாக அனுப்புவார், பின்பக்கம் வெறுமையாக இருக்கும் என்பதால். பாதியில் என் நிரல், பாதியில் என் மகன் குமரன் வரைந்த காடிகள். இங்கே கார் என்று யாரும் சொல்வதில்லை, காடிதான்.

குமரன் இங்கேயே பிறந்தவன். வாய்பாட்டை மலாயில்தான் மனசுக்குள் சொல்கிறான், உதடு அசைவதில் தெரிகிறது. ஒருநாள் மதுரையிலிருந்து என் அப்பாவின் கடிதம் வந்தபோது, “அம்மா, உங்க ஊரு கடுதாசி வந்திருக்கு,” என்று நீட்டினான். உங்க ஊரு! சுருக்கென்று இருந்தது. அவன் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை, அதனால்தான் இன்னும் சுருக்கென்று இருந்தது.

4

இனி அந்த முத்திரைக் கதை. இந்த மலையிலிருந்து எங்கே போவதானாலும் தாப்பாவுக்கு இறங்கித்தான் போக வேண்டும், அது அடுத்த மாநிலம். ஆனால் நாங்கள் இருப்பது பஹாங். எங்கள் மாநில அலுவலகமோ மறுகோடியில், குவாந்தானில், கடலோரத்தில். ஆக, பஹாங்கிலிருந்து பஹாங்குக்குப் போக வேறு மாநிலத்தைச் சுற்றிக்கொண்டு இரண்டு நாள் பயணம். நான் கம்பளிச் சட்டையோடு கிளம்பி வியர்த்து ஒழுகிக்கொண்டு போய்ச் சேர்வேன்.

1984-ல் ஆராய்ச்சி செய்கிறேன் என்று படிவத்தில் உண்மையை எழுதித் தொலைத்தேன். அதிகாரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். எதைப் பற்றி என்று கேட்டார். என் அரைகுறை மலாயில் “ஹாத்தி” என்றேன். இதயம் என்றுதான் அர்த்தம் என்று நினைத்திருந்தேன். காதல் கவலைக்கெல்லாம் அந்தச் சொல்தான், ஆனால் உடம்புக்குள் அது ஈரல். இதயம் ‘ஜந்தோங்’. மனிதர் ஈரலா, மனசா என்று திண்டாடிப்போனார். நான் நெஞ்சில் கை வைத்து ‘டப் டப்’ என்று காட்டினேன்.

“ஆஸ்பத்திரியில் வேலையா?”

“இல்லை.”

“பல்கலைக்கழகத்துக்குத் தினமும் போகிறீர்களா?”

“இல்லை. வீட்டில்தான். சமையலறையில்.”

எந்தக் கட்டத்திலும் நான் அடங்கவில்லை. நல்ல மனிதர், துரத்திவிடாமல் யோசித்தார். கடைசியில் ‘வீட்டு வேலை’ என்ற கட்டத்தில் குறியிட்டு முத்திரை குத்தினார். ஆக, மலேசிய நாட்டின் பதிவேட்டில் இதயத்தைக் கணக்கிடுவது சோறு வடிப்பதோடு சேர்ந்த வேலை. வெளியே வந்து கணவரிடம் சொன்னேன். அவர் பஸ் நிலையம் வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

5

சிரிப்பெல்லாம் 1984 நவம்பரில் அடங்கியது. பேராசிரியரிடமிருந்து கடிதம். அவருடைய ஆங்கிலத்தைச் சுருக்கித் தருகிறேன்.

‘அதிரவிட்டால் தசையின் வலு குறைகிறது என்று உங்கள் கணக்கு சொல்கிறது. எங்கள் தசைக் கீற்றும் அதையே சொல்கிறது. நல்லது. ஆனால் இது ஏற்கெனவே உலகுக்குத் தெரிந்த விஷயம். தெரிந்ததைச் சொல்லிப் பட்டம் வாங்க முடியாது. மார்ச் மாதத்துக்குள் புதிதாக ஒன்றும் வராவிட்டால் உங்கள் பதிவை முடித்துக்கொள்வோம். முழு ஆட்டு இதயத்தில் செய்த சில சோதனைகளில் அழுத்தம் கூடியது போலத் தெரிவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதிரவைக்கும் கருவியின் சுவிட்ச் ஒட்டிக்கொண்டு தாமதமாக வேலை செய்த நாட்கள் அவை. குப்பை. அதனால்தான் உங்களுக்கு எழுதும் தாளாக அனுப்பினேன்.’

கோபம் வந்தது. அந்தச் சுருள்களை நான் ஒரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரிசையாகப் போகும் மலைகளில், அதிர்வு தொடங்கிய பிறகு வரும் மலைகள் கொஞ்சம் உயரமாக இருந்தன. ஒரு தாளில் என்றால் குப்பை. ஆறு தாளிலும் ஒரே மாதிரி என்றால்? ஆனால் என் கணக்கை எப்படித் திருப்பிப் போட்டாலும் அது உயரம் குறையும் என்றே சொன்னது. நாள் ஒன்றுக்கு ஒரு துடிப்பு. டிசம்பர் போயிற்று, ஜனவரி போயிற்று. ஒன்று, அந்தத் தாள்கள் குப்பை. இல்லாவிட்டால் என் இதயம் குப்பை.

“விட்டுடறேங்க,” என்றேன் கணவரிடம். “நாலு வருஷம் வெளயாண்டது போதும்.”

“விடறதுன்னா விடு. ஆனா மார்ச்சுல விடு. இது பிப்ரவரி,” என்றார் அவர். பிறகு ஒரு மாத்திரைப் பொட்டலத்தைக் கொடுத்து, “அஞ்சலைக்கு விரல்ல வெட்டு, இதக் குடுத்துட்டு வா. கொஞ்சம் காத்து வாங்குன மாதிரியும் இருக்கும்,” என்று அனுப்பினார்.

கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்குப் போனேன். மழை விட்டிருந்தது. பெண்கள் கூடையிலிருந்த கொழுந்தைச் சாக்குகளில் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். தொழிற்சாலை லோரி கீழ்வளைவில் முனகும் சத்தம் கேட்டது. அது வருவதற்குள் நிரப்ப வேண்டும். ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு. கொழுந்தை அமுக்கித் திணிக்கக் கூடாது. அமுக்கினால் கசங்கிச் சூடேறிச் சிவந்துவிடும். சிவந்த கொழுந்தைக் கண்டால் கங்காணி சாமிக்கண்ணு சாக்கையே திருப்பிக் கொட்டிவிடுவார். அமுக்காமல் ஒரு சாக்கில் எவ்வளவு இறக்குகிறார்கள் என்பதில்தான் கைத்திறமை.

அஞ்சலையக்கா விரலில் கட்டோடு தடுமாறிக்கொண்டிருந்தார். “குடுங்கக்கா, சாக்க நான் புடிக்கிறேன்,” என்று வாங்கிக்கொண்டேன். அவர் நல்ல கையால் கொழுந்தை அள்ளி உள்ளே விட விட, நான் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு விடாமல் குலுக்கினேன். ஈரக் கொழுந்து. இறங்கவே இல்லை. பாதிச் சாக்கிலேயே குவிந்து வழிந்தது.

“ஐயோ, என்னாம்மா இது? சலிக்கிற மெஷினு மாதிரி விடாம ஆட்டறீங்க!”

“அமுக்கத்தான் கூடாது. ஆட்டலாம்ல?”

“ஆட்டணும்தான். அதுக்குன்னு எந்நேரமுமா? கை உள்ள போறப்ப ஆட்டுனா கொழுந்து கைய சுத்திப் புடிச்சிக்கும். அப்ப சும்மா இருங்க. கைய எடுக்கறப்ப ஆட்டுங்க. அப்பத்தான் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு கெடக்கறது விட்டுட்டு கீழ உக்காரும். அடுத்த அள்ளுக்கு எடம் கெடைக்கும் லா.”

சொன்னதோடு நிற்கவில்லை, சாக்கை வாங்கிச் செய்தும் காட்டினார். கை உள்ளே போனது, சாக்கு அசையவில்லை. கை வெளியே வரும்போது இரண்டு குலுக்கு. குவிந்து நின்ற கொழுந்து ஒரு சாண் இறங்கிற்று. அடுத்த அள்ளு முன்னதைவிடப் பெரிது.

பேராசிரியரின் கடிதம் நினைவுக்கு வந்தது. சுவிட்ச் ஒட்டிக்கொண்டு தாமதமான நாட்கள்! அந்த நாட்களில் அதிர்வு எப்போது தொடங்கியிருக்கும்? இதயம் பிடித்து முடித்து, விடத் தொடங்கும் நேரத்தில். நானோ நாலு வருஷமாக இதயத்தைச் சலிக்கும் மெஷினில் ஏற்றி, துடிப்பின் தொடக்கம் முதல் கடைசி வரை ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். பிடிக்கும்போது ஆட்டினால் கொக்கிகள் நழுவி வலு குறையும், சரி. விடும்போது மட்டும் ஆட்டினால்? விடாமல் தொங்கிக்கொண்டிருக்கும் சோம்பேறிக் கொக்கிகள் கழன்றுகொள்ளும். தசை சீக்கிரம் தளரும். இதயம் கூடுதலாக நிரம்பும். அடுத்த அள்ளு பெரிது!

பக்கத்திலிருந்த கூடையில் என் கால் பட்டுக் கொழுந்து தரையில் சிதறியதுகூட எனக்குத் தெரியவில்லை.

“யார்ரா அது கொழுந்த கொட்டறது?” என்று கங்காணியின் குரல் வந்தது. திரும்பிப் பார்த்து, “டிரெஸ்ஸரம்மா! நீங்களா?” என்று அடங்கிற்று.

“மன்னிச்சுக்குங்க கங்காணி!” என்று கத்திவிட்டு ஓடினேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மேட்டில், தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டுக்காரர்கள் எல்லோரும் பார்க்க ஓடினேன். மாத்திரைப் பொட்டலத்தையும் கொடுக்காமல்!

6

மாற்றியது ஒரே ஒரு வரி. தசையின் இழுப்பு குறையத் தொடங்கிய பிறகு மட்டும் அதிரவிடு. அவ்வளவுதான்.

மறுநாள் ஏழு மணிக்கு ஓடவிட்டேன். அன்று சமையல் கணவர். சாயங்காலம் முதல் துடிப்பு முடிந்தது. தளர்வது வேகமாக இருந்தது, நிரம்புவது கூடியிருந்தது. ஆனால் எனக்கு வேண்டியது அடுத்த துடிப்பு. அதற்கு இன்னொரு நாள். வாழ்க்கையில் இவ்வளவு நீளமான நாளை நான் பார்த்ததில்லை. பிள்ளை பெற்ற நாள்கூட இதைவிடச் சீக்கிரம் முடிந்தது.

இரண்டாம் நாள் மாலை, திரையில் இரண்டாவது மலை எழுந்தது. முதல் மலையைத் தாண்டி எழுந்தது. குப்பைச் சுருளை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தேன். அதே ஏற்றம், அதே இறக்கம்.

பேராசிரியருக்கு எழுதினேன். கெஞ்சவில்லை. ‘சுவிட்சை வேண்டுமென்றே தாமதமாகப் போடுங்கள், இத்தனை தாமதமாக. இந்தக் கோடு வரும்,’ என்று எழுதி, கோட்டையும் வரைந்து இணைத்தேன். மார்ச் முதல் வாரம் தந்தி வந்தது. நேரில் வரச் சொல்லியிருந்தார்.

மூவரும் கோலாலம்பூர் போனோம். கணவரும் குமரனும் வெளியே பெஞ்சில் உட்கார, நான் உள்ளே போனேன். கண்ணாடிக் குடுவைக்குள் ஆட்டின் இதயம் தொங்கிக்கொண்டிருந்தது. குழாய்களில் திரவம் ஓட, தானாகத் துடித்தது. நாலு வருஷமாகக் கணக்குப் போட்ட பொருளை, அது துடிப்பதை, அன்றுதான் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தேன். அழகாக இருந்தது.

“மூன்று முறை செய்வோம்,” என்றார் பேராசிரியர் லிம். “ஒருமுறை தவறினாலும் உங்கள் கோடு தவறு. சம்மதமா?”

“சம்மதம்.”

முதலில் முழுத் துடிப்பிலும் அதிரவிட்டார்கள். மலைகள் சுருங்கின. எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிறகு சுவிட்சைத் தாமதமாக்கினார்கள். பேனா முனை ஒரு மலை வரைந்தது. அடுத்த மலை வரைய ஏறியது. ஏறியது, முந்தைய உயரத்தைத் தொட்டது, தாண்டியது.

“ஏறுது! ஏறுது லா!” என்று நான் கத்தியது வெளியே பெஞ்சு வரை கேட்டதாம். முதல் வகுப்பு இயற்பியல் பட்டதாரி, மதுரைக்காரி, பல்கலைக்கழக ஆய்வகத்தில் எஸ்டேட் பாஷையில் ‘லா’ போட்டுக் கூவினேன். வெட்கம் ஒன்றும் வரவில்லை.

இரண்டாம் முறையும் ஏறியது. மூன்றாம் முறையும் ஏறியது. பேராசிரியர் தாளைக் கிழித்து, என் கோட்டின் மேல் வைத்து, ஜன்னல் கண்ணாடியில் வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார்.

“நான் குப்பை என்று சொன்ன அந்தச் சுருள்கள் உங்களிடம் இன்னும் இருக்கின்றனவா?”

“இருக்கின்றன. பின்பக்கத்தில் என் மகன் காடி வரைந்திருக்கிறான்.”

“காடிகளோடு அப்படியே கொண்டுவாருங்கள். எனக்கு அவை வேண்டும்,” என்றார். பிறகு, “உங்கள் பதிவை முடிப்பதாக எழுதியது என் தவறு,” என்றார். அப்படிச் சொல்ல ஒரு பேராசிரியருக்குப் பெரிய மனசு வேண்டும். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். காற்புள்ளிக்கு அழுத அழுகை வேறு, இது வேறு.

இதனால் நாளைக்கே யாருக்கும் வைத்தியம் வந்துவிடாது. ஆட்டு இதயம் ஆட்டு இதயம்தான். எஸ்டேட் மெஷினில் நிற்கிறவரின் கதையும் வேறு கதை. ஆனால் இதயத்தை எப்போது ஆட்டினால் கெடும், எப்போது ஆட்டினால் உதவும் என்ற கேள்விக்கு ஒரு வழி தெரிந்துவிட்டது. அந்த வழியைச் சமையலறை மேசையில் கண்டுபிடித்தது நான். இந்த வருஷத் தொடக்கத்தில் முனைவர் பட்டம் கொடுத்துவிட்டார்கள். ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் முதல் பெயர் அஞ்சலை. தேர்வாளர் ஒருவர் அவர் எந்தத் துறை என்று கேட்டார். கொழுந்துத் துறை என்றேன்.

போன மாதம் அந்தப் பக்கத்தையும் முக்கியமான படத்தையும் நகலெடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். லோரி வர நேரமிருந்தது. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார். தம் பெயரைத் தாமே எழுத்துக்கூட்டிப் படிக்க முடியவில்லை, அது ஆங்கிலம். எங்கே என்று காட்டினேன். கட்டைவிரலால் அதை ஒருமுறை தடவிவிட்டு அடுத்த தாளுக்குப் போனார். ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு கோடுகள்.

“என்னாம்மா இது, ஒரே மலைய ரெண்டு தடவ வரைஞ்சு வெச்சிருக்கீங்க?”

“ரெண்டும் வேற வேறக்கா. ஒண்ணு ஆட்டோட நெஞ்சு, நெசமா துடிச்சது. இன்னொண்ணு நான் பெட்டியில எழுதுன நெஞ்சு.”

அக்கா தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். தள்ளிப் பிடித்தார். பக்கத்திலிருந்த பெண்களும் எட்டிப் பார்த்தார்கள்.

“இதுல எது ஆட்டோடது?”

சொல்வதற்காகக் குனிந்தேன். தாப்பா கடையில் நகலெடுத்தபோது, கோடுகளுக்குக் கீழே இருந்த எழுத்துகளை விட்டுவிட்டிருந்தார்கள். மேல் கோட்டைப் பார்த்தேன். கீழ்க் கோட்டைப் பார்த்தேன். மறுபடி மேலே பார்த்தேன்.

“தெரியலக்கா,” என்றேன். என் வாழ்நாளில் இவ்வளவு கர்வத்தோடு அந்தச் சொல்லை நான் சொன்னதில்லை.